கடைசிக் கதவின் தாழ்ப்பாள்

மைதானத்தில் மயங்கி விழுந்தவளை விளையாட்டு டீச்சர் தூக்கிக்கொண்டு வந்து என் அறைக் கட்டிலில் கிடத்தினார். இந்தப் பருவத்தில் இது மூன்றாவது தடவை. உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. நாக்கு வறண்டு கிடந்தது. பக்கத்தில் அவளுடைய தண்ணீர்ப் பாட்டில், காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்தபடியே, கழுத்துவரை நிறைந்து நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சுமந்துட்டுத் திரியறதுக்கா உங்கம்மா குடுத்து விடுறாங்க? குடிடி!"

"தாகம் இல்ல மிஸ்."

"பொய்யக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல உனக்கு."

நான் இந்தப் பள்ளிக்கூடத்து நர்ஸ். வயிற்றுவலி என்று வரும் பிள்ளைக்கு வலிப்பது வயிறா, கணக்குப் பரீட்சையா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இவள் விஷயத்தில் மட்டும் என் சாமர்த்தியம் மண்ணைக் கவ்வியது. சிறுநீரில் கிருமி, காய்ச்சல், மாத்திரை. மாத்திரை தீர்ந்ததும் மறுபடி காய்ச்சல். இப்படியே போனால் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என் அறைக்கும் மாணவிகள் கழிப்பறைக்கும் நடுவில் ஒரே சுவர். இடைவேளை மணி அடித்தால் அங்கே கதவுகள் அடித்துக்கொள்வதும் தாழ்ப்பாள் விழுவதும் எனக்கு அத்துப்படி. கடைசிக் கதவின் சத்தம் மட்டும் கொஞ்ச நாளாகவே கேட்கவில்லை. அன்றைக்கு அவளுக்குக் குளுக்கோஸ் கொடுத்து உட்கார வைத்த பிறகு, அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"நான் உள்ள போனா எல்லாரும் மூக்கப் பிடிச்சிட்டு ஓடுவாங்க மிஸ். நான் போன ரூமுக்கு அப்புறம் யாரும் போக மாட்டாங்க. என் கலர் ஒட்டிக்குமாம். கடைசி ரூமுக்கு என் பேரையே வெச்சிட்டாங்க. தண்ணி குடிச்சா போகணுமே, அதான்..."

வேறு நாட்டிலிருந்து குடிவந்த குடும்பம் அவளுடையது. வகுப்பிலேயே அவள் நிறம்தான் ஆழ்ந்த கறுப்பு. இது எனக்குக் கண்ணால் தெரிந்ததுதான். ஒரு குழந்தையின் தாகம்வரை அது போயிருக்கும் என்பதுதான் தெரியவில்லை. அதற்குப் பிறகு, வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதுகூட, விழாத அந்தத் தாழ்ப்பாளுக்காக என் காது காத்துக்கொண்டிருக்கும். பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது.

நேரே பெரிய டீச்சரிடம் போனேன். அவர் தலைமைப் பொறுப்புக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. நல்ல மனசு, கொஞ்சம் அவசரக்காரர். வகுப்பைக் கூட்டித் திட்டினார். பெற்றோரை அழைத்தார். "எங்க பிள்ளையா? அப்படியெல்லாம் சொல்ல மாட்டாளே!" என்று எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு. கடைசியில், கீழ்த்தளத்து டீச்சர்கள் கழிப்பறையின் சாவியைச் சிவப்பு ரிப்பனில் கோத்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். "பிரமாதம் டீச்சர்!" என்று கைதட்டாத குறையாகச் சொன்னவள் நான்தான்.

பாட்டில் காலியானது. காய்ச்சல் நின்றது. உதட்டில் புதுத் தோல் வந்தது. எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

முதலில் தமிழ் டீச்சர் மேல்மாடிக் கழிப்பறைக்குப் போக ஆரம்பித்தார், கீழே வெளிச்சம் போதவில்லையாம். பிறகு இன்னொருவர். முட்டிவலி என்று தினமும் என்னிடம் தைலம் வாங்கும் கணக்கு டீச்சர்கூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். கீழே நான் வைத்த சோப்பு, ஒரு சின்னக் கை பட்ட அளவுக்குத்தான் கரைந்திருந்தது. எங்களுக்கு முன்பே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பாட்டில் மறுபடி நிறைந்தே வந்து நிறைந்தே திரும்பியது.

ஒரு நாள் அவள் அம்மா வந்தார். சலவைக்கூடத்தில் வேலை. நின்றுகொண்டேதான் பேசினார். சாவியை ரிப்பனோடு பெரிய டீச்சர் மேசையில் வைத்தார்.

"என் பொண்ணையும் மத்த பிள்ளைங்களோட சேத்துக்கங்கன்னுதான் கேட்டேன் டீச்சர். தனியா ஒதுக்கி வைக்கவா கேட்டேன்?"

"அவ உடம்பு நல்லாகணுமேன்னுதான்மா..."

"உடம்பு நல்லாத்தான் ஆச்சு. ராத்திரி எழுந்து தேங்காய் நார் போட்டுக் கையத் தேய்க்கிறா. டீச்சருங்ககூட ஓடறாங்களாம். இந்த வாரம் பாப்பேன். அப்புறம் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

அவர் போன பிறகு பெரிய டீச்சர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பசங்க சும்மா தள்ளி வெச்சாங்க நர்ஸம்மா. நான் சாவி குடுத்துத் தள்ளி வெச்சேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது.

அன்று மாலையே டீச்சர்கள் கூட்டம். இனிமேல் டீச்சர்களுடைய கீழ்க் கழிப்பறைக்கும் மேல்மாடிக் கழிப்பறைக்கும் பூட்டு, எல்லோரும் பிள்ளைகளுடையதற்கே போக வேண்டும் என்றார். ஒரே கூச்சல். "யார்கிட்ட வேணா புகார் குடுங்க" என்றார் பெரிய டீச்சர். "முட்டிவலிக்காரங்களுக்கும் சௌகரியம், மாடி ஏற வேண்டாம்." கணக்கு டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் இடைவேளை. அவள் என் கட்டிலில், மடியில் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல். நடுவே பெரிய டீச்சரின் செருப்புச் சத்தம் நுழைந்ததும் இரைச்சல் அடங்கியது. செருப்பு ஒவ்வொரு கதவாகத் தாண்டிப் போனது. கடைசிக் கதவு முனகித் திறந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாள் மக்கர் பண்ணியது. பிறகு விழுந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் காதை வைத்திருந்தாள்.

தண்ணீர் ஊற்றும் சத்தம். கதவு திறந்தது. "ம், அடுத்து யாரு?" என்று சாதாரணமாகக் கேட்டார் பெரிய டீச்சர்.

யாரும் பதில் சொல்லவில்லை. எங்கேயோ ஒரு செருப்பு தரையில் தேய்ந்து, நின்றது.

காதைச் சுவரிலிருந்து எடுக்காமலே அவள் மூடியைத் திருகினாள். ஒரு வாய் குடித்தாள். விழுங்கவில்லை. உப்பிய கன்னத்தோடு, அந்தத் தண்ணீரை வாயிலேயே வைத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தாள்.