பூட்டிய வீடுகளின் கணக்கெடுப்பு

எங்கள் தெரு இருக்கும் இடத்தில் மேம்பாலம் வரப்போகிறது. அதனால் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று ஆராய்ந்து எழுத ஒரு நிறுவனம் ஆள் அனுப்பியது. அந்த ஆள் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த தம்பி. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் என் வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, என் கட்டிலிலேயே குறட்டை விட்டவன்.

தம்பி பெரிய துரை மாதிரி புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெருவைச் சுற்றினான். அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் வேலையில் இருப்போம். நான் தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வீட்டில் முப்பத்தாறு பூட்டியிருந்தன. முப்பத்தாறையும் 'ஆளில்லா வீடு' என்று எழுதினான், என் வீட்டையும் சேர்த்து. ஆளில்லா வீட்டுக்கு மாற்று வீடு கிடையாது. இடிப்பது மட்டும் உண்டு. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் தம்பிக்குப் பேனாகூட ஆடவில்லை.

"நான் இங்க குடியிருக்கிறது உனக்குத் தெரியாதாடா?"

"தெரியும்க்கா. ஆனா நேர்ல பார்த்ததைத்தான் எழுதணும். நான் பார்த்தது பூட்டு."

கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. தெருவே திரண்டு போய்ச் சத்தம் போட்டதில், மறு ஆய்வுக்கு ஒப்புக்கொண்டார்கள். அதுவும் புதன்கிழமை, அதுவும் பதினொரு மணிக்கு. மேலதிகாரிக்கு அந்த நேரம்தான் தோதாம்.

ஒருவர் விடாமல் லீவு போட்டோம். நாற்பது கதவும் திறந்து கிடந்தன. தம்பி வீடு வீடாக ஏறி, தலைகளை எண்ணி, கொடுத்த டீயையும் விடாமல் குடித்துவிட்டு எழுதினான். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அடுத்த வாரம் பட்டியல் ஒட்டினார்கள். எல்லோர் பெயரும் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'வேலையில்லாதவர்' என்றும் இருந்தது. வேலையில்லாதவர்களுக்கு மாற்று வீடு ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறி மூன்று மணி நேரம். வேலைக்குப் போகாதவர்களுக்குத் தூரம் ஒரு பாதிப்பே இல்லையாம்.

ஆலை கொடுத்த அடையாள அட்டையை அவன் மூஞ்சிக்கு நேரே ஆட்டினேன். "இது என்னடா? நான் வேலைக்குப் போறது உனக்குத் தெரியாது?"

"தெரியும்க்கா. ஆனா வேலைக்குப் போறவங்க புதன்கிழமை பதினொரு மணிக்கு வீட்ல இருக்கமாட்டாங்களே? நான் பார்த்தப்ப எல்லாரும் இருந்தீங்க."

"பாவி, அங்கேருந்து நான் எப்படிடா ஆலைக்கு வர்றது? ஒரே வாரத்துல என்னை வேலையைவிட்டுத் தூக்கிடுவாங்கடா!"

அவன் முகம் தெளிந்தது.

"அப்ப நான் எழுதினது சரிதானேக்கா?"