சத்தமில்லாத ஊருக்குப் பத்து மார்க்

கம்பெனி தொடங்க ஊர் தேடி அலைந்த அண்ணியும் நாத்தனாரும் தரகரோடு அந்த மூன்றாவது மாடி வீட்டுக்கு வந்தபோது காலை ஏழரை மணி. இப்போது இருக்கும் ஊரில் கொடுப்பதில் பாதிதான் வாடகை. பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். மகளின் கட்டில் எங்கே, ஆபீஸ் மேஜை எங்கே என்று அண்ணி காற்றிலேயே சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை. ஊர் பிடித்துவிட்டால் இன்றைக்கே வேலையை விடுவதாகக் கடிதம் அனுப்பிவிடுவாள். பிடிக்காவிட்டால் வரமாட்டாள். அவள் வராவிட்டால் கம்பெனியும் இல்லை. நாத்தனாருக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுத வருமே தவிர, வாடிக்கையாளர் முன்னால் வாய் திறக்க வராது.

கம்பெனிக்காக அவள் எழுதிய நிரல், தண்ணீர் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே அது எப்போது பழுதாகும் என்று சொல்லிவிடும். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாகப் போனைத் தரையில் வைத்து அதை ஓடவிடுவாள். இங்கேயும் பால்கனியில் வைத்தாள். பத்து நிமிடமும் திரையில் கோடு வளையாமல் போனது. ஊர்களுக்கு மார்க் போடும் பட்டியலில் 'அமைதி' என்ற இடத்தில் பத்துக்குப் பத்து போட்டாள்.

"பத்தா! என் கல்யாணத்துக்கே நீ ஏழுதானேடி போட்ட, ஊமைக்கோட்டான்?"

"மைக்கு அப்படிக் கத்துச்சு, அண்ணி."

அண்ணி சிரித்துக்கொண்டே குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. "அம்சமா இருக்கு. கடிதத்தை அனுப்பிடவா?"

நாத்தனார் மறுபடி திரையைப் பார்த்தாள். ஊரே குளிக்கிற நேரம். சுற்றிலும் நாற்பது வீடாவது இருக்கும். ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. நிலத்தடியில் தண்ணீர் இருந்தால் இப்படி இருக்காது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கடிதம் போய்விடும். கம்பெனி பிறந்துவிடும். அவளுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது கைவந்த கலை.

"அண்ணி, இருங்க. அந்தப் பத்தை அடிச்சிடுறேன்."

"ஏன்?"

"இங்க எந்த வீட்டுலயும் மோட்டார் ஓடல. கிணறெல்லாம் வத்திப்போயிருக்கும்னு தோணுது."

அண்ணி தரகரைப் பார்த்தாள். அவர் சாவிக்கொத்தைப் பார்த்தார்.

"லாரி வரும்மா. வாரத்துக்கு ரெண்டு தடவை, டாண்ணு வந்துரும்."

"அப்ப என் பொண்ணை வாரத்துக்கு ரெண்டு தடவைதான் குளிப்பாட்டணுமா?"

"வீட்டுக்காரர் நேத்துதான் தொட்டியை ரொப்பினார்," என்றார் தரகர், யாரும் கேட்காமலே.

அண்ணி விறுவிறுவென்று படியிறங்கினாள். திரும்பிப் பார்க்காமல் பஸ் நிலையத்துக்கு நடந்தாள். எல்லாம் முடிந்தது என்று நாத்தனார் நினைத்துக்கொண்டாள்.

"நீ சொல்லாம விட்டிருந்தா வந்திருப்பேன்," என்றாள் அண்ணி. "வந்து, ஒரு மாசத்துல உன் மூஞ்சில முழிக்காமப் போயிருப்பேன்."

"தெரியும், அண்ணி."

"வாடகை ஜாஸ்தின்னு பட்டியல்லேர்ந்து ஒரு ஊரை அடிச்சோமே, அங்க மோட்டார் சத்தம் எப்படி இருந்துச்சு?"

"காது கிழிஞ்சுது. பாதி மோட்டார் சாகப்போற நிலைமை."

"அப்ப பொழைப்பு அங்கதான் இருக்கு. ரெண்டு ரூம்தான் கட்டுப்படியாகும். ஒண்ணு எனக்கும் பொண்ணுக்கும், ஒண்ணு கம்பெனிக்கு. நீ மேஜைக்கு அடியில படுத்துக்க."

"கம்ப்யூட்டர் சூடு அடிக்கும், அண்ணி."

"போர்வை மிச்சம்," என்று சொல்லிவிட்டு, அண்ணி அந்த ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.