தோளின் விடுகைப் பத்திரம்

விதுர்ஷன் பதினோராம் தரத்தில் படிக்கும்போதே அவனுடைய வலது தோள் மட்டும் கண்டியில் ஒரு பெரிய றக்பிக் கழகத்துக்குத் தெரிவாகிவிட்டது. மற்ற உறுப்புகள் இன்னும் பிஞ்சு, முற்றட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஊர் வழக்கமும் அதுதான்.

அம்மா யோகமலர் தையல்காரி. டிசம்பரில் பிள்ளைக்குச் சாதாரண தரப் பரீட்சை. தோள் இல்லாத கையால் எப்படி எழுதுவான்? ஆனால் பாடசாலை அதிபர் தோளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி விடுகைப் பத்திரமே எழுதி வைத்துவிட்டார். நடத்தை: மிக நன்று.

"ஒரே ஒரு சீசன்தான் அக்கா. பூப்போலத் திருப்பித் தருவோம்" என்றார் கழக மேனேஜர் சவாஹிர்.

இந்தப் பாழாய்ப்போன 'ஒரே ஒரு'வை நம்பி எத்தனை தாய்மார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! அவளும் போட்டாள். வீட்டுக்கு வந்து மகனுடைய வலது கையைச் சட்டைக் காலரோடு நாலு கொக்கி வைத்துத் தைத்தாள். கை மேசையில் பாதித் தூரம்தான் எட்டியது.

சனிக்கிழமைகளில் மைதானத்துக்குப் போனாள். அடேயப்பா, அங்கே எல்லாம் மீசை வைத்த தோள்கள். நடுவில் மச்சத்தோடு அவள் பிள்ளையின் தோள், தொளதொளவென்ற ஜேர்சிக்குள்.

"பார்த்துடா ராசா!" என்று கத்துவாள்.

மூன்றாவது மாட்சில் அது மூட்டு நழுவி இறங்கிவிட்டது. கழகத்தார் குறை வைக்கவில்லை. மாலை போட்டு, ரோல்ஸும் தேநீரும் கொடுத்து, பதினைந்து வயதில் ஓய்வு அளித்து அனுப்பினார்கள். பஸ்ஸில் யோகமலர் அதை ஜன்னலோரம் உட்காரவைத்தாள்.

வந்த கையோடு ஊசியில் நூல் கோத்து, மகனுடைய உடம்பில் தைத்துவிட்டாள். மறுநாளே அதிபர் கூப்பிட்டனுப்பினார்.

"விடுகைப் பத்திரம் வாங்கினது பதினோராம் தரத்துல உட்கார ஏலாதும்மா. புதுசா சேரணும். புதுசுன்னா முதலாம் தரம்தான்."

"பிள்ளை பரீட்சை எழுத வேணாமா, சேர்?"

"பிள்ளை எழுதலாம். தோள் படிச்சுத்தான் வரணும்."

அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. அழுது முடிந்ததும் தையலைப் பிரித்து, அளவு நாடாவை எடுத்து, தோளை அளந்து ஒரு சின்ன வெள்ளைச் சட்டை தைத்தாள்.

திங்கட்கிழமை மூன்று பேருமாகப் போனார்கள். முதலாம் தர வகுப்பில் ஏற்கெனவே நாலு முழங்கால்களும் ஒரு கழுத்தெலும்பும் இருந்தன. தோள் அவளுடைய சேலையை விடவில்லை. விதுர்ஷன் இடது கையால் அதைத் தட்டிக்கொடுத்தான்.

"அது என்கிட்ட வந்துசேர பத்து வருஷம் ஆகும், என்னம்மா?"

"ஆமா கண்ணு. அப்ப உனக்கு இருபத்தஞ்சு."

"றக்பிக்குச் சரியான வயசும்மா" என்றான் அவன்.

அவள் தோளின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். உள்ளே டீச்சர் வரவு இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டார்.

"விதுர்ஷனின் தோள்?"

தோள் கொஞ்சம் வலியோடு மேலே உயர்ந்தது. டீச்சர் வரவு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.