தொங்கிக்கொண்டு கீறிய கடல்

கடைசி முள்ளைக் கழற்றிக் கயிற்றை எடுத்த பிறகும் ஜெயரூபி கீழே வரவில்லை. சல்லிக் கடற்கரையில், தென்னை ஓலை உயரத்தில், குப்புறப் படுத்தபடி காற்றில் கிடந்தாள். நல்ல பகல் நேரம். சூடை மீன் அன்றைக்கு மலிவு.

இதற்கு வழி போட்டவர் அவளுடைய அக்கா புருஷன் தனஞ்சயன். முந்தின வருடத் திருவிழாவில் அவர் தூக்குக்காவடி எடுத்தார். முதுகிலும் தொடையிலும் முள் ஏற்றி, உழவு மெசினில் பூட்டிய துலாவில் கயிற்றால் தொங்கவிட்டு, சந்தியிலிருந்து கடற்கரைக் கோயில் வரைக்கும் கொண்டுபோனார்கள். இறங்கியவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "கடல் எழும்பி நிண்டது, பிள்ள" என்றார். வள்ளங்களுக்குப் பெயர் எழுதிப் பிழைத்த ஜெயரூபிக்கு அதற்குப் பிறகு நித்திரை இல்லை. மாரிகாலம் முழுக்க எழும்பி நிற்கும் கடலைப் படமாகக் கீறினாள். கீறியதையெல்லாம் அத்தானிடம் காட்டினாள். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில், "எல்லாத்தையும் நிண்டுகொண்டெல்லோ கீறியிருக்கிறாய்" என்றார்.

அன்றைக்கே முடிவெடுத்தாள். அந்தக் கடலைச் சரியாகக் கீறும்வரை இனி எந்த வள்ளத்திலும் ஓர் எழுத்து எழுதுவதில்லை. அடுப்பு எரிந்தாலும் சரி, அணைந்தாலும் சரி.

தனக்கும் தூக்குக்காவடி முள் ஏற்றச் சொல்லிக் கேட்டதற்கு, முள் குத்துகிற சிவகுருநாதன் ஏலாது என்றார். "பொம்பிளையளுக்கு நான் குத்தினதில்ல."

"தோல் எல்லாருக்கும் ஒண்டுதானே, அண்ணை?"

"உன்ர வாய்க்கு வேணுமெண்டா ஒரு அலகு குத்திவிடுறன்."

"அதையும் சேத்துக் குத்துங்கோ."

மனிதர் படலையைச் சாத்திக்கொண்டார். அவள் விரதம் பிடித்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் படலை வாசலில் வந்து குந்தினாள். திருவிழா நெருங்க, சிவகுருநாதன் முட்களை எடுத்து அவித்துக் காயவைத்தார்.

திருநீறு பூசி, தோலைக் கிள்ளித் தூக்கி, அவர் ஏற்றிய ஒரு முள்ளிலும் சொட்டு இரத்தம் வரவில்லை. மெசின் புறப்பட்டது. அத்தான் சொன்னபடியே கடல் எழும்பி நின்றது. அதன் அடிப்பக்கத்தில் என்னவோ அசைவதைக் கண்டு அவள் கண்ணை இடுக்கிய நேரத்தில் கோயில் வந்துவிட்டது. துலாவை இறக்கினார்கள். துலா இறங்கியது. அவள் இறங்கவில்லை. கயிறுகள் தொய்ந்து தொங்கின.

குத்தியவரே கழற்ற வேண்டும் என்பது முறை. சிவகுருநாதன் முணுமுணுத்துக்கொண்டு மெசின்மேல் ஏணி வைத்து ஏறினார். கீழே ஆட்கள் கரைவலையை விரித்துப் பிடித்தார்கள். வலை சும்மா கிடந்தது.

"விழுந்து சாகப்போறாய், இறங்கடி!" என்று கத்தினாள் அக்கா பிரசாந்தினி.

"இன்னும் பாத்து முடியேல்ல, அக்கா. அந்தக் கருவாட்டை அள்ளிப்போட்டுத் தறப்பாளை விரி."

"இறங்கி வா, முதுகில விரிக்கிறன்!" அக்கா ஏசிக்கொண்டே கருவாட்டை அள்ளினாள்.

கருவாடு காய்ந்த தறப்பாள் சீலையை மணலில் விரித்து, அவள் மேலிருந்தே கீற, தூரிகையை நீளக் கம்பில் கட்டிக் கொடுத்தார்கள். கடற்காற்று துறைமுகப் பக்கம் இழுத்துப் போகாமலிருக்க, காலில் தங்கூசி நூல் கட்டி அதைத் தென்னையில் முடிந்தார்கள். தேத்தண்ணீர் வாளியில் ஏறியது. வெயிலில் அவள் முதுகு கறுத்தது. பிழையாய்ப் போன இடங்களை மணல் போட்டுத் தேய்க்கச் சொல்லி, திரும்பவும் கீறினாள். ஐப்பசி மழை அவளை நனைத்தது. தறப்பாளை மட்டும் ஏனோ நனைக்கவில்லை.

படம் முடிந்தது என்று ஆள் அனுப்பியதும் தனஞ்சயன் வந்தார். தறப்பாளைச் சுற்றி நடந்தார். மேலே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றி மணலில் வைத்தார். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு காலை மெல்ல உள்ளே வைத்து, ஆழம் பார்த்தார்.

"தெற்குப் பக்கம் இன்னும் கிடக்குது, அத்தான்" என்றாள் ஜெயரூபி. "மற்றத் தறப்பாளையும் விரிக்கச் சொல்லுங்கோ."

மறுகிழமை மின்சாரக்காரர் வந்து, அவளுக்குத் தட்டாதபடி கம்பியைத் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாற்றிவிட்டு, பிரசாந்தினி கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துப் போனார்கள்.