இறக்கைக்குள் ஒட்டிய படம்

ஹமீட் ஒட்டிய இடம் விட்டுப்போகும் என்று கல்முனைக்குடிக் கடற்கரையில் யாராவது வாய்விட்டால், அவனுடைய தோணியை அவர் ஆறு மாதத்துக்குத் தொடமாட்டார். அவ்வளவு ரோசம். விரிசல் விட்ட பைபர் தோணியை ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது உண்மைதான். அதை அவரே சொல்லித் திரிந்ததுதான் கொஞ்சம் கூடிப்போனது.

நாட்டில் யுத்தம் முடிந்த மறு வருஷம், சூட்டைப் படமாகக் காட்டும் கமராவோடு திருக்கோவிலிலிருந்து காற்றாடி சோதிக்கிற தினுஜன் வந்தான். மீனுக்கு ஐஸ் வைக்கும் கொட்டிலான ஐஸ் வாடிக்குக் கரண்ட் கொடுக்கும் காற்றாடியின் இறக்கையைக் கழற்றி முற்றத்து வெயிலில் கிடத்தியிருந்தார்கள். முந்தின வருஷம் அதில் விழுந்த விரிசலை ஒட்டியவர் ஹமீட்.

“காக்கா, மேலால பாத்தா ஒரு பிழையும் இல்ல. ஆனா இந்த இடம் மட்டும் கூடச் சுடுது. உள்ளுக்கு ஒட்டுப்படாம என்னமோ கிடக்கு” என்று ஹமீட்டை அண்ணன் முறையில் அழைத்துச் சொன்னான் தினுஜன்.

திரையில் நாலு மூலையோடு ஒரு சிவப்புக் கட்டம் தெரிந்தது. அது என்னவென்று ஹமீட்டுக்குத் தெரியும்.

புதுத் தோணி கட்டுகிறவர்கள் கேட்டால், காவலுக்கு இஸ்ம் எழுதிய தாளைப் பொலித்தீனில் சுற்றி, தோணியின் மூக்கான முன்னணியத்துக்குள் வைத்து ஒட்டிக் கொடுப்பார். அதே கைப்பழக்கத்தில் இறக்கைக்குள்ளும் ஒன்றை வைத்தார். மனைவி ஹப்ஸாவும் மகள் பஸ்மினாவும் சேர்ந்து நிற்கும் ஒரே படம் அது. சுனாமி அன்று, கடலை விட்டுத் தள்ளியிருக்கும் சொறிக்கல்முனையில் ஒரு தோணி ஒட்டப் போயிருந்ததால் அவர் தப்பினார், அடையாள அட்டை உறைக்குள் இருந்த படமும் தப்பியது. வீட்டையும் அவர்கள் இருவரையும், மையித்துகூடக் கிடைக்காமல், கொண்டுபோன கடல் எட்டாத இடமென்று அவருக்குத் தெரிந்தது காற்றாடியின் உச்சிதான். பின்னேரங்களில் அதன் கீழே போய் இருப்பார். கதைக்க வேறு ஆளில்லை.

“இப்பிடியே போட்டா என்ன தம்பி?”

“வாடைக் காத்துக்குப் பிஞ்சி விழும் காக்கா. கீழ ஐஸ் ஏத்துற ஆக்கள் நிக்காங்க.”

ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆட்கள் நிற்கிறார்கள் என்ற பிறகு எப்படிச் சொல்வது?

“நான்தான் உள்ளுக்கு ஒண்ட வச்சன். நானே வெட்டி எடுக்கன்” என்றார்.

ஊர்க்காரர் முன்னால் தன் ஒட்டைத் தானே வெட்டினார். கட்டத்தைச் சுற்றிக் கிரைண்டரை மெல்ல ஓட்டினார். பொலித்தீன் பழுதாகாமல் வந்தது. முகங்கள் இரண்டும் அப்படியே இருந்தன. அதைப் பார்த்த தினுஜன் அவரை ஐஸ் வாடிக் குளிர்ச்சிக்குள் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தான்.

“தம்பி, உங்கட கமராவுல இதயும் எடுத்து வைங்க. என்ட கையில இருந்தா எப்பவாவது துலைஞ்சிரும்.”

“இது சூட்டைத்தான் எடுக்கும் காக்கா.”

“பரவாயில்ல, எடுங்க.”

எடுத்து, கொஞ்சம் தயங்கித்தான் காட்டினான். வாடிக் குளிரில் ஆறிப்போன படம் இருந்த இடத்தில் வெறும் நீலக் கட்டம். ஹப்ஸாவும் இல்லை, பஸ்மினாவும் இல்லை. அதைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் மட்டும் சிவப்பாகத் தெரிந்தன.