பிரசங்கத்தில் ஒரு திருத்தம்

எங்கள் அகராதி அலுவலகத்தில் லயனல் கடைசியாகப் பொருள் எழுதி முடித்த சொல் 'ரிமெம்பர்'. அவருடைய அடக்கத்தன்று ஆக்ஸ்ஃபோர்டு தேவாலயத்தில் ஒரு வரிசை முழுக்க நாங்கள்தான் உட்கார்ந்திருந்தோம்.

"மெம்பர்னா உடம்போட உறுப்பு," என்றார் இளம் பாதிரியார். "ரிமெம்பர்னா, சிதறின உறுப்புகளை மறுபடி ஒண்ணு சேர்க்கறது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கட்டுக்கதையோடு மல்லுக்கட்டியே லயனலுக்குப் பாதித் தலை நரைத்தது. எங்கள் வரிசையில் ஒரே இருமல். பக்கத்திலிருந்த மர்ஜரி என் கையை அழுத்தினாள். "சும்மா இருங்க, அடக்கத்துக்கு வந்திருக்கோம்."

அடுத்த நொடி அவளே எழுந்துவிட்டாள். "மன்னிக்கணும் ஃபாதர், உறுப்புக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. லத்தீன்ல 'மெமோர்'னா நினைப்புள்ளவன்னு அர்த்தம். அதுலேர்ந்து வந்தது."

"நேரா வரல, பிரெஞ்சு வழியா!" என்றேன் நான். இன்னொருவர் அதையும் திருத்தக் கிளம்பினார். பாதிரியார் விழித்தார்.

சவப்பெட்டியருகே லயனலின் மனைவி ஹெஸ்டருக்குத் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டோம். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தாதீங்க," என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "காலைலேர்ந்து இப்பதான் லயனல் உள்ள வந்த மாதிரி இருக்கு."