மூலை டிரம்மில் இருந்த மாவு

தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்த நான் மூன்று மாதம் கழித்து வீடு திரும்பினேன். பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனேன். என் கோதுமை டிரம்களை ஒரு தரம் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். தெருப் பிள்ளைகள் சும்மாவா எனக்கு 'டிரம் அக்கா' என்று பேர் வைத்திருக்கிறார்கள்?

கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

நான் சுத்தியலால் தட்டித் தட்டி அடைத்திருந்த மூடிகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. டிரம்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. உள்ளே கோதுமை இல்லை, மாவு. டிரம்களில் மாவு, துணி அலசும் வாளியில் மாவு, என் தலையணை உறைக்குள்கூட மாவு. வேறு யார் வீட்டுக்குள்ளாவது நுழைந்துவிட்டேனோ என்று ஒரு கணம் நிஜமாகவே சந்தேகம் வந்தது.

"எப்படி?" என்றார் பின்னால் வந்து நின்ற என் கணவர். முகமெல்லாம் பல். "மொத்தத்தையும் மில்லுல குடுத்து அரைச்சுட்டேன். தினமும் அந்தக் கை மெஷினைச் சுத்திட்டு, தோள்பட்டை போச்சு தோள்பட்டை போச்சுன்னு புலம்புவியே. இனிமே அள்ளு, பிசை, ஓவன்ல வை. முடிஞ்சது வேலை!"

சுவரோரம் கிடந்த மூடி ஒன்றைக் கையில் எடுத்தேன்.

அவருடைய பழைய தொழிற்சாலையை மூடிய வருடம் வீட்டில் அடுப்பெரியாத நாட்கள் உண்டு. அடிப்பக்கம் கருகிய ரொட்டியைச் சும்மா தருவார்கள் என்று பேக்கரியின் பின்வாசலில் போய் நின்றிருக்கிறேன். இனி ஒருநாளும் அங்கே போய் நிற்கக்கூடாது என்றுதான் கோதுமை சேர்க்கத் தொடங்கினேன். வெயிலில் காயவைத்து, சலித்து, தடித்த பைக்குள் கொட்டி, காற்றை உறிஞ்சும் பொட்டலத்தைப் போட்டு மூடினால் மணி மணியாகப் பல வருடம் அப்படியே இருக்கும். தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து ரொட்டி சுடலாம். அரைத்து வைத்தால் போச்சு. மணிக்குள் இருக்கும் எண்ணெய் வெளியே வந்து, சில வாரத்திலேயே மாவு கெட ஆரம்பித்துவிடும். இதை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். "எந்தப் பஞ்சத்துக்குடி இதெல்லாம்?" என்று சிரித்துவிட்டு, இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்ட மனுஷன் இவர்.

"எப்ப அரைச்சீங்க?" என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"போன வாரம். ஃபேக்டரில லீவு விட்டாங்க. சும்மா உக்காந்து என்ன பண்றதுன்னுதான்."

போன வாரம்தானே, இன்னும் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பக்கத்து டிரம்மிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். லேசான இனிப்பு. புது மாவுதான். அடுத்ததும் அப்படியே. மூலை டிரம்முக்குப் போனேன். குனியும்போதே பழைய எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. வாயில் போட்டேன். கசப்பு அடித்தொண்டை வரை இறங்கியது.

எனக்குச் சுரீர் என்றது. தகரக் கூரையின் சூட்டில்கூட ஒரு வாரத்து மாவு இப்படிக் கசக்காது. இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

"இது போன வாரம் அரைச்சது இல்லைங்க."

"போன வாரம்தான்டி. எல்லாம் ஒண்ணாதான்..."

"ரொட்டி சுடுறவகிட்டயே பொய் சொல்றீங்களா? இது எப்ப அரைச்சது?"

அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலில் கிடந்த, அவர் வேலைக்குப் போடும் பூட்ஸில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"நீ பஸ் ஏறின மறுநாள் ஆளைக் குறைச்சாங்க," என்றார். "மொத லிஸ்ட்லயே நான்."

"தினமும் மத்தியானம் போன் பண்ணி, கேண்டீன்ல சாப்பிட்டேன்னு சொன்னீங்களே!"

"இங்கதான். இந்த அறையில உக்காந்துதான் பேசினேன்."

மூன்று மாதம்! நான் அங்கே குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருக்க, இவர் இங்கே தனியாக, வேலை இல்லாமல், யாரிடமும் வாய் திறக்காமல், என் டிரம்களின் மூடியை ஒவ்வொன்றாக உடைத்து, கோதுமையை மில்லுக்குச் சுமந்திருக்கிறார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயப்படுவே. தங்கச்சியை விட்டுட்டு ஓடி வருவே. கையும் சும்மா இருக்க மாட்டேங்குது. உனக்கு ஒரு வேலையாவது குறையட்டும், வெறுங்கையோட விஷயத்தைச் சொல்ல வேணாம்னு..."

"பயப்படுவேனா? பயந்துதான்யா இத்தனை டிரம்மும் சேர்த்து வச்சேன்!" என்று கத்திவிட்டேன். அடிவயிற்றிலிருந்து வந்தது. "நமக்கு எது வரக்கூடாதுன்னு இதைக் காப்பாத்தினேனோ அது வந்த அன்னிக்கே, ரெண்டு வருஷச் சாப்பாட்டை ரெண்டு மாசச் சாப்பாடா ஆக்கிட்டீங்களே!"

அவர் மூலை டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விரலால் மாவைத் தொட்டு வாயில் வைத்தார். முகம் சுளித்தார். துப்பவில்லை, விழுங்கினார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் புரிந்தது என்று நினைக்கிறேன். உதடு கோணிக்கொண்டது.

கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு டிரம் மட்டும் மூடி அடைத்தபடி இருந்தது. தட்டிப் பார்த்தேன், கனத்த சத்தம். கோதுமை. அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"இதைத் தொட்டீங்க, கையை முறிச்சுடுவேன்."

அவர் தரையில் சிந்தியிருந்த மாவின் மேலேயே உட்கார்ந்தார். நான் உட்கார்ந்திருந்த டிரம்மைப் பார்த்து, "அந்த ஒரு டிரம் நம்ம ரெண்டு பேருக்கு எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டார்.

இத்தனை வருடக் கேலிக்கு நடுவே ஒருநாளாவது அவர் கேட்க மாட்டாரா என்று நான் ஏங்கிய கேள்வி அது. எனக்குப் பதில் தெரியும். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.